மூன்றாவது இழுப்பறை

டுலூத்தில் ஏப்ரலுக்கு
வசந்தம் என்று பேர் மட்டும்தான்.
ஏரியில் இன்னும் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்து முனகுகின்றன.
கராஜ் கதவை முழங்கால் உயரம் தூக்கிவைத்து
பெயிண்ட் வாடை போகவும்
குளிர் வரவும் ஒரே வழி விட்டு
வெர்லின் உப்புத்தாள் தேய்க்கிறான்.

மார்லிஸின் டிரஸ்ஸர்.
அரிசோனாவுக்குப் போனபோது
வேனில் இடமில்லை என்று விட்டுப்போனாள்.
கம்பளிக்கு வேலையில்லாத ஊரில்
ஆறு இழுப்பறை எதற்கு என்றும் சொன்னாளாம்.
நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு
இரண்டு குளிர்காலம்
என் துணிகள் சூட்கேஸிலேயே இருந்தன.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
போன மாதம், முட்டை பொரித்துக்கொண்டே கேட்டான்:
"என்ன நிறம் வேண்டும்?"
வெள்ளை என்றேன்.
அவன் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

முதல் பூச்சு காய்ந்தது.
மறுநாள் காலை மேல்பலகையில்
ரோஜா நிறத்தில் ஒரு திட்டு,
வெள்ளைச் சட்டையோடு துவைத்த
யாருடைய சிவப்புக் காலுறையோ
சாயம் விட்டது போல.
இரண்டாம் பூச்சில் திட்டு இரண்டானது.
மூன்றாவதிலும்
கைப்பிடித் துளைகளைச் சுற்றி
கன்னம் சிவந்திருந்தது.
மஹோகனி அப்படித்தான் என்றார்
ஹார்டுவேர் கடை ஓலாஃப்சன்.
எத்தனை பூசினாலும் அதன் சாறு மேலே வரும்,
முதலில் அரக்கு போட்டு அடைக்கணும்.
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றான் வெர்லின்.
நீ முதலில் கேட்கவில்லையே என்றார் அவர்.

அரக்கு.
பிறகு மறுபடி வெள்ளை.
இந்தத் தடவை வெள்ளை வெள்ளையாகவே நின்றது,
ஆஸ்பத்திரித் தாழ்வாரம் போல.
நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்
அந்த நிறத்தில் நடந்துவிட்டு வருகிறவள் நான்.
என் முகத்தைப் பார்த்தவன்
ஒன்றும் கேட்காமல்
ஒரு டப்பா கிளேஸில் மண்பழுப்பைக் கரைத்தான்.

கிளேஸ் ஒரு கிறுக்கு வேலை.
முழுக்கப் பூச வேண்டும்,
பத்து நிமிஷத்துக்குள்
முழுக்கத் துடைக்க வேண்டும்.
துணி எட்டாத இடத்தில் மட்டும் பழுப்பு தங்கும்:
செதுக்கு வளைவில், மூலையில்,
உப்புத்தாளுக்குப் பிடிகொடுக்காத ஒரு கீறலில்.
ஒருத்தியின் வருஷங்களை மூடிவிட்டு
டப்பாவிலிருந்து வேறு வருஷங்களை
எடுத்துத் தடவுகிறோம்.
பூசி மெழுகுவது என்றால் இதுதான் என்று சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
பழைய பனியனால் துடைத்தபடி
"இன்னும் எடுக்கட்டுமா, போதுமா?" என்றான்.
ஒவ்வொரு இழுப்பறைக்கும் கேட்டான்.
நான்காவதில், எல்லாவற்றுக்கும் சேர்த்து
போதும் என்றேன்.
ஐந்தாவதிலும் கேட்டான்.

சனிக்கிழமை அறைக்குள் தூக்கி வைத்தோம்.
என் சீருடைகள், என் ஸ்வெட்டர்கள்,
எட்டு மாதக் குளிருக்கான உள்ளாடைகள்.
மூன்றாவது இழுப்பறை வரவில்லை.
இழுத்தேன். உலுக்கினேன்.
பெயிண்ட் ஒட்டிக்கொண்டதோ என்று திட்டினேன்.
வெர்லின் போனில் தம்பியோடு
மீன்பிடி லைசென்ஸ் பற்றிப் பேசிக்கொண்டே
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி,
பார்க்காமலே,
இடப்பக்கம் லேசாகத் தூக்கி, ஒரு நெளி நெளித்து
இழுத்தான்.
வந்தது.
அப்புறம்தான் தன் கையைப் பார்த்தான்.
"பிறகு கூப்பிடுகிறேன்" என்றான் தம்பியிடம்.

உள்ளே நாங்கள் பெயிண்ட் அடிக்கவில்லை.
சிவந்த மரம்.
யாரோ ஒட்டி உரித்த காகிதத்தின்
பசைத் தழும்பு.
"இழைத்துச் சரிசெய்துவிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
பெருந்தன்மை எல்லாம் இல்லை,
ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது.

இப்போது மே.
விளக்குப் போடாமல்
அவன் தூக்கம் கலைக்காமல்
காலுறை தேடும் விடியலில்
என் கை தானாக இடப்பக்கம் தூக்குகிறது.
அந்த நெளிப்பு உலகத்தில்
மூன்று பேருக்குத் தெரியும்.
கைப்பிடிக்குக் கீழே
விரல்நகம் அளவுக்கு
மறுபடி சிவக்க ஆரம்பித்திருக்கிறது.
அரக்கு டப்பாவில் பாதி மிச்சம்.
நேற்று கராஜில் எடுத்துப் பார்த்தேன்,
மூடி இறுகிப்போயிருந்தது.