நாற்பத்தேழாம் காத்தாடி

இறக்கையில் கீறல் பார்க்க வந்த ரெண்டு பேரும்
பேசுவது ஸ்பானிஷ்தான்.
ஆனாலும் சண்டை.

பணகுடிக்குத் தெற்கே, ஆடிக் காற்று,
பல்லுக்குள் செம்மண் நறநறக்கிறது.
காத்தாடித் தூரில் ஊதாப்பூ ஒரு கொத்து.
மெக்சிகோக்காரி குனிந்து தொட்டு
'தெரெசீத்தா' என்றாள், குட்டித் தெரசா.
கியூபாக்காரர் விடவில்லை: 'விக்காரியா.'
வெனிசுவேலாவில் 'சாயங்கால வணக்கம்' என்பார்களாம்.
யாரோ பூவுக்கு வணக்கம் வைத்துப்
பதில் வராமலே போயிருக்கிறார்கள் போல.

உங்கள் ஊரில்? என்று என்னைப் பார்த்தாள்.

நித்தியகல்யாணி என்று வாயெடுத்தேன்.
கிரேன் மேலிருந்து கஸ்பார் கத்தினான்:
"சுடுகாட்டு மல்லில்லா அது!
எவளாச்சும் தலையில வைப்பாளாவே?"

தினமும் கல்யாணம்.
தினமும் பிணம்.
ரெண்டும் எங்கள் தமிழ்தான்,
என் அரைகுறை இங்கிலீஷில்
எதைச் சொல்ல?

அதற்குள் அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்
காதோரம் ஒன்றைச் செருகிக்கொண்டாள்.
காற்று பிடுங்கப் பார்த்தது.
ஒரு கையால் பொத்திக்கொண்டே
அண்ணாந்து இறக்கையை எண்ணினாள்.

கஸ்பார் இறங்கி வந்தான்.
கையைத் துடைத்தபடி
கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கல்யாணின்னே சொல்லிரும்வே."