தனி நாலு

பதினேழு ஆவணம் கேட்டோம்.
மூன்று வந்தது, தவணைக்கு முதல்நாள் பின்னேரம்,
சணல் கயிற்றால் கட்டி.
மிச்சப் பதினாலுக்கும் ஒரே பதில்:
சொயாகத நொஹெக.

நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு இவ்வளவென்று வாங்குகிறவள்.
அந்த இரண்டு சொல்லுக்கு முன்னால்
குருமண்காட்டில் மின்சாரம் போய்த் திரும்பி வரும்வரை
சும்மா இருந்தேன்.
கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், தேடியிருக்கிறார்கள்.
கண்டுபிடிக்க முடியாது என்றால்
எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கிறார்கள்.
சிங்களத்தில் இரண்டும் ஒரே குடைக்குள் நிற்கும்.
தமிழில் ஒருவர் நனைய வேண்டும்.
முடியாது என்று எழுதினேன்.
முத்திரை குத்தினேன்.

வழக்காளி: சின்னத்தம்பி யோகச்சந்திரன், நெடுங்கேணி,
உழவு மெஷின் ஓட்டியவர்.
விளக்கமறியலில் வலது கை முறிந்து
பதினொரு நாள், மருந்தில்லாமல், தனி அறையில்
என்கிறது வழக்குரை.
மறுமொழி சொல்கிறது:
அப்படியொரு அறையில் அப்படியொருவர் இருக்கவில்லை.
கை, வெளியே போன பிறகு முறிந்திருக்கலாம்.
உழவு மெஷின்காரர்தானே.

வந்த மூன்றில் ஒன்று குசினிக் கொப்பி.
ஏன் அனுப்பினார்களோ.
அரிசிக்கு வாயில்லை என்று நினைத்திருப்பார்கள்.
பருப்பு ஒன்பது கிலோ.
தேங்காய் முப்பத்தொன்று, அதில் மூன்று அழுகல்.
நெத்தலி வரவில்லை.
நெத்தலி வரவில்லை.
நெத்தலி.
எண்ணெய் பிரண்ட பக்கங்களைப்
பிள்ளையின் நகம் வெட்டுகிற கவனத்தோடு திருப்பினேன்.
மாசி பத்தொன்பதாம் திகதிக்குக் கீழே, பென்சிலில்,
எழுத்துப் பழகாத ஒரு கை:
தனி நாலு. ஹெந்த ஒன்று. கை ஏலாது.

அதைப் படித்துவிட்டு
எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

நீதிமன்றத்தில் அரச சட்டத்தரணி எழுந்தார்.
ஹெந்த என்றால் அகப்பையுமாகலாம், கனம் நீதிபதி அவர்களே,
சோறு பரிமாறக் கொடுத்திருக்கலாம்.
நீதிபதி என்னைப் பார்த்தார்.
ஆகலாம்தான், சத்தியம் செய்தவள் பொய் சொல்லக்கூடாது.
"ஓம் ஐயா, அகப்பையுமாகலாம்.
ஆனால் தனி அறையில ஒருத்தர்
ஆருக்குப் பரிமாறுறது?"
பின்வாங்கில் ஆரோ இருமினார்கள்.
அடுத்த தவணை ஆவணி ஆறு.

வெளியே, வாகைமர நிழலில்,
சட்டத்தரணி சுபாங்கினி கொப்பியின் நகலை விரல்விட்டுத் தேடினாள்.
கரண்டி கொடுத்ததற்குப் பதிவு இருக்கிறது.
திரும்பி வந்ததற்கு இல்லை.
இதைப் பிடிப்பாங்கள், என்றாள்,
கரண்டியே இல்லை, எழுத்துப்பிழை என்பாங்கள்.

யோகச்சந்திரன் இடக்கையால் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்.
"அது என்னட்டத்தான் கிடக்கு."
என்ன?
"கரண்டி. வெளிய வரேக்க சாரத்துக்க வைச்சுக் கொண்டந்திட்டன்.
மனுசி அதாலதான் சீனி அள்ளுறவ."

சுபாங்கினி சிரிக்கவில்லை.
அரச சொத்து, என்றாள் முதலில்.
பிறகு: நாங்களும் வெளிப்படுத்த வேணும்,
கேட்டால் நாங்களும் குடுக்கத்தான் வேணும்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
ஓமந்தைப் பக்கம் போகிற பஸ் ஒன்று
ஆளில்லாமல் நின்று, ஆளில்லாமல் போனது.

"கழுவாதேங்கோ," என்றாள் கடைசியில்.

அவர் கோப்பையை வைத்தார்.
"எத்தினை வருசம் அக்கா. ஒவ்வொரு நாளும் கழுவுறது."