கதவில் ஓடிய ஆறு

முள்ளியவளைக்குத் திரும்பி வந்தபோது
வீட்டில் மிஞ்சியது கதவு மட்டும்தான்.
முதிரைக் கதவு.
இரண்டு தார்ப்பீப்பாய்களின் மேல் படுக்கப் போட்டோம்.
ஏழு வருடம் அதுதான் எங்கள் போர்க்களம்.

பூட்டுத் துவாரம் கிணறு.
பிணைச்சல் இருந்த பள்ளங்களில் மரத்தூள் ஒட்டி மேடாக்கினோம்.
சன்னம் துளைத்த ஓர் ஓட்டை;
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
தீப்பெட்டியில் ஒரு தேவாலயம் செய்து
மூடி வைத்தான் எமில்தாஸ்.
குறுக்காக ஓர் ஆறு,
சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய மிச்ச நீலத்தில்.

கள்ளப்பாட்டில் வலைக்குக் கட்டும் ஈயத்தை
உருக்கி வார்த்தது அவன். நிறம் பூசியது நான்.
இருநூற்றுப் பதினாறு பேர்.
பயறளவு முகத்தில் கண் வைக்க
ஈர்க்கு நுனி.
குதிரைகள் மட்டும் கடைசிவரை
நாய்களாகவே பிறந்தன.

எழுதாத விதி ஒன்று இருந்தது.
வாள் வரலாம், யானை வரலாம்,
மாடு இழுக்கிற பீரங்கியும் வரலாம்.
பறக்கிற எதுவும் மேசை ஏறாது.
ஏனென்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

தாயக்கட்டையில் நாலுக்கு மேல் விழுந்தால்
ஒருவன் சாவான்.
செத்தவனை அடித்தவன் தொடக்கூடாது.
சொந்தக்காரன்தான் எடுக்கவேண்டும்,
இரண்டு விரலால் இடுப்பில் பிடித்து,
பிஸ்கட் பெட்டிக்குள் படுக்கவைத்து.
ஒரு மாரி இரவில் எமில்தாஸ்
எடுத்துக்கொண்டே இருந்தான்.
பிளேன்டி ஆறிப்போனது.
"பொறு, எண்ணிப்போட்டு வாறன்."
பதினேழு.
திரும்பவும் முதலிலிருந்து எண்ணினான்.

பிறகு வீட்டுத்திட்டம் வந்தது.
சுவர் எழும்பியது, ஓடு ஏறியது,
கதவுக்கு வரக் காசு முடிந்தது.
கமலவேணி போர்க்களத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்தநாள் தச்சனை நானே கூட்டிவந்தேன்.
இரு படைகளும் அன்று மாலை
ஒரே உரச்சாக்கில் பின்வாங்கின.

இப்போது மடிக்கணினி.
வவுனியாவில் பழையதாக வாங்கியது, 'எ' விசை இல்லை.
நிலமெல்லாம் அறுகோணம், தேன்கூடு மாதிரி.
மறைப்பானேன், எனக்குப் பிடித்திருக்கிறது.
கண்புரை விழுந்தவனுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது.
கட்டிலுக்கடியில் தாயக்கட்டை தேடும் வேலையில்லை.
"ஆறுதான் விழுந்தது" என்று
அந்தோனியார்மேல் சத்தியம் செய்யமுடியாது அவனால்.
கரண்ட் போனால் மட்டும்
இரண்டு பக்கமும் ஒன்றாகத் தோற்கும்.

கதவில் எல்லாம் தெரிந்தது.
குனிந்து பார்த்த நாங்கள் இரண்டு கடவுள்கள்,
ஒருவருக்குச் சாரம், ஒருவருக்குக் கட்டைக் காற்சட்டை.
திரையில் ஆள் அனுப்பாத இடமெல்லாம் கறுப்பு.
காட்டுக்குள் எவன் நிற்கிறான்,
ஆற்றுக்கு அப்பால் வழி இருக்கிறதா, தெரியாது.
"இதுதான் சரி," என்றான் எமில்தாஸ்,
"எங்களுக்கு அண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை."
அதைப் பற்றி அவன் கதைத்தது
அந்த ஒரு தடவைதான்.
நான் சுட்டெலியை அவன் பக்கம் தள்ளினேன்.

சாவு இங்கே ஓர் இலக்கம் குறைவது.
நானூறு. முந்நூற்றெண்பத்தைந்து. முந்நூற்றிரண்டு.
எடுக்க ஒருவரும் தேவையில்லை.
ஆனாலும் அவனுடைய இரண்டு விரல்கள்
கூம்பி எழும்பும்,
கண்ணாடிக்கு ஓர் அங்குலம் முன்னால்
கொஞ்சநேரம் நிற்கும்,
பிறகு அடுத்த முறைக்கான பொத்தானை அழுத்தும்.

ஆற்றின்மேல் பெயின்ற் அடிக்கவேண்டாம்
என்றவள் கமலவேணிதான்.
படுத்துக் கிடந்தது இப்போது
நிலைக்கு நிலை செங்குத்தாய் நிற்கிறது.
தேவாலயம் தச்சன் தட்டியதில் விழுந்துவிட்டது.
நாலரை மணிக்கு, கதவு சாத்தியிருந்தால்,
அந்த ஓட்டையால் ஒரு துளி வெயில் நுழைந்து
திரையில் விழும்,
நாங்கள் ஆள் அனுப்பாத கறுப்பில்,
ஓர் அறுகோணத்தைவிடச் சிறிதாக.

கையை எடுத்துவிட்டு இருவரும் பார்ப்போம்.
"புழுங்குது, திற," என்பான் எமில்தாஸ்.
நான் எழும்பிப் போய் இழுப்பேன்.
ஆறு மெல்லத் திரும்பி
வாசலை விட்டு விலகும்.