ஐந்து புள்ளி பத்து

திங்கள், முதல் பீரியட், ஏழாம் வகுப்பு.
5.9, 5.10: எது பெரிது?
பண்ணைக்காட்டுப் பிள்ளைகள் ஒரே குரலில்
பத்து என்றார்கள்.
தவறென்று காட்ட சாக்பீஸை எடுத்தேன்.
விரல் நுனியில் தோல் இல்லை.

பெருமாள்மலைக்கு மேலே வௌவால் பாறை.
முதலில் ஏறிய ஸ்தனிஸ்லாஸ் ஆறடி இரண்டங்குலம்.
கயிற்றை அவிழ்த்தபடியே நோட்டில் எழுதினான்,
ஐந்து புள்ளி ஒன்பது.
அவன் எட்டிப் பிடித்த விளிம்பு
எனக்கு ஒரு முழம் மேலே.
நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புடைப்பு,
அதில் ஷூ நுனியை வைத்து எழுந்தேன்.
"ஒன்பதா இது?"
"எனக்கு ஒன்பது."

ஒன்பதோடு மனித சாத்தியம் முடிந்ததென்று
கடல்தாண்டி யாரோ கோடு கிழித்தார்களாம்.
பிறகு யாரோ அதற்கும் மேலே ஏறிவிட்டார்கள்.
ஆறு என்று எழுத வழியில்லை:
அது ஆணி அடித்துத் தொங்குகிறவர்களின் எண்.
எனவே புள்ளிக்குப் பின்னால்
பத்து, பதினொன்று, இன்று பதினைந்து,
ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ, பி, சி, டி.
என் பாடப்புத்தகத்தை யாரும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் அந்த விளிம்பு பெயர்ந்துவிட்டது.
நேற்று ஸ்தனிஸ்லாஸ் மூன்று முறை விழுந்தான்.
நான் பழைய வழியிலேயே போனேன்,
ஒரு ரூபாய், ஒரு மூச்சு.
கீழே வந்ததும் நோட்டை நீட்டினான்.
ஒன்பதை அடித்துப் பத்து என்று எழுதினேன்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி;
அடுத்து ஏறுகிறவர் அழிக்கட்டும்.

"பத்துதானே டீச்சர் பெருசு?"
கடைசி பெஞ்ச் விடுவதாயில்லை.
ஒன்பதுக்குப் பின்னால் பூஜ்யம் போட்டேன்,
5.90. இப்போது பாருங்கள்.
பூஜ்யத்தின் ஓரத்தில்
லேசாகச் சிவப்பு.