ஜிகினா

விசாவில் என் தொழில் சலவைக்காரன்.
ரெஜினால்டுக்குத் தச்சன்.
தஸ்தகீருக்குக் குளிர்சாதன மெக்கானிக்;
அவனுக்கு மட்டும் அந்த வேலை கொஞ்சம் தெரியும்.
வியாழன் இரவுகளில் மூவரும்
'சில்வர் சூரை'.

பெயர் வைத்தது ரெஜி.
தூத்துக்குடியில் சூரை வெட்டிய கை.
"செத்த மீனே மின்னுதுல,
உசுரோட நிக்கிறவனுக்கு என்ன கேடு?"

மனாமா சந்தையில், பெண்கள் துணிக்கடையில்,
மீட்டர் மீட்டராய் ஜிகினா வாங்கினோம்.
யாருக்கு என்றார் கடைக்காரர்.
தங்கச்சி கல்யாணம் என்றோம்.
அந்த வருடம் மட்டும்
நாலு தங்கச்சிகளைக் கரையேற்றினோம்.

கண்ணுக்குத் தஸ்தகீரின் சுருமா.
அவன் வாப்பா ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்தது.
ஒரு சொட்டும் தொடாதவன்
மதுக்கூடத்தில் கிட்டாரைக் கதறவிடுவான்,
பின்வாசல் குழாயில் முகம் கழுவி
பஜ்ருக்கு நடப்பான்.
பாதி மை போயிருக்கும்.

தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து
ஆறங்குலக் குதிகால் செய்தான் ரெஜி.
தச்சன் என்ற சொல்லுக்கு
இந்த நாட்டில் அவன் காட்டிய ஒரே விசுவாசம்.

கடல் பாலம் திறந்த குளிர்காலம்.
கரை தாண்டி வந்த கார்கள்
பேர்ல் க்ரௌன் வாசலில் ஹாரன் அடித்தன.
மூன்றாவது பாட்டில் ரெஜி மேசைமேல் ஏறுவான்,
கூரை விசிறிக்கும் அவன் தலைக்கும்
ஒரு சாண்.
கூட்டம் மூச்சைப் பிடித்தது பாட்டுக்கா விசிறிக்கா
கடைசிவரை எனக்குத் தெரியாது.

ஒரு பெரியவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி வீசினார்.
அது என் டிரம்மில் விழுந்தது.
தாளம் தப்பியது,
யாருக்கும் கேட்கவில்லை.
அந்த அளவுக்கு இருந்தோம்.

சனிக்கிழமை மெஷினில்
என் சட்டையும் ஊரார் தோபுகளும் ஒன்றாகச் சுழலும்.
ஒரு வீட்டுக்கார அம்மாள் போனில் கேட்டாள்:
என் கணவர் காலரில் மினுமினுப்பு எப்படி வந்தது?
எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், பாவம்.
மூன்று நாள் சாப்பாடு இல்லையாம்.

சரிந்தது சுவரொட்டியில்.
வர்க்கீஸ் மேனேஜர் அச்சடித்ததில்
ரெஜி முகம் தட்டு அளவு,
நாங்கள் இருவரும் தபால்தலை.
தஸ்தகீர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன், அவன் ஆம்ப்ளிஃபயரும் இல்லை.

பிறகு ஆகஸ்ட்டில் குவைத்.
ஜிகினா வாங்கிய தெருவில்
சன்னல் கண்ணாடிக்கு ஒட்டும் டேப் வாங்கினோம்.
வெறும் குரலும் டிரம்மும் வைத்துக்கொண்டு
பதினோரு பேருக்கு வாசித்தோம்,
ஆறு பேருக்கு,
ஒரு தடவை வர்க்கீசுக்கு மட்டும்.
அவரும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.
போர் முடிந்ததும் ஹோட்டல் ஒரு கரோக்கே பெட்டி வாங்கியது.
அதற்கு விசா வேண்டாம்,
சோறு வேண்டாம்.

ரெஜி ஊர் போய் எழுதிய ஒரே கடிதம்:
திருவனந்தபுரம் சுங்கத்தில்
செருப்பைப் பிளந்தார்களாம், தங்கம் தேடி.
உள்ளே தேயிலைக் கம்பெனி எழுத்து, பாதி.
"யாருதுய்யா இது, பொண்டாட்டிதா?"
ஆமா சார் என்றானாம்.
நல்லா உயரமா இருப்பாளோ?
ஆமா சார்.

இரண்டு மெஷின் மாற்றிவிட்டோம்.
போன வாரம் உலர்த்தியை நகர்த்தினபோது
சுவர் இடுக்கில், பஞ்சுக் கசடில்,
ஒரே ஒரு வட்டம், நகக்கண் அளவு.

பீகார்ப் பையன் விரல்நுனியில் எடுத்து
என்ன இது என்றான்.

மீன் செதில், என்றேன்.

முகர்ந்து பார்த்தான்.
வாசனை இல்லையே என்றான்.