மூன்று விழுக்காடு வெள்ளி

ஆயிரத்து எண்ணூற்றைம்பது வெள்ளி.
விலைச்சீட்டைத் திருப்பிப்போட்டு
மூன்று முறை கணக்குப் பார்த்துவிட்டேன்.
மகனின் டியூஷன் பணத்தைத் தொடாமல்
எந்த வழியாகப் போனாலும்
இருபத்தொரு மாதமும் சில நாளும்.

கம்பெனியில் பற்றவைக்கும் கம்பியில்
வெள்ளீயத்தோடு மூன்று விழுக்காடு வெள்ளி.
சம்பளத்தில் எனக்கென்று ஒதுங்கும் வெள்ளியும்
அதே விழுக்காடுதான்.
அதற்குமேல் சேர்த்தால் உருகாது போலிருக்கிறது.

பாயான் லெப்பாஸில் பகலெல்லாம்
நான் குனிந்திருப்பது
நெற்றிக்கண் வைத்த ஒரு மைக்ரோஸ்கோப்பின் மேல்.
இரண்டு கண் எனக்கு,
மூன்றாவது கண் திரைக்கு;
சூப்பர்வைசர் பின்னால் நின்றே பார்க்கலாம்.
என் மைவி காரைவிட விலை கூடியது.
பிழை தெரிந்தால் சிவப்பு அம்பு ஒட்டித்
தட்டில் தள்ளிவிட வேண்டும்.
திருத்துகிற வேலை வேறு மாடியில்.
பதினோரு வருடமாகக் காட்டிக்கொடுக்கிறேன்,
ஒன்றைக்கூடக் காப்பாற்றியதில்லை.

அதனால்தான் ராத்திரியில்
ரெலாவ் பிளாட்டில், சாப்பாட்டு மேசையின் பாதியில்
இந்தக் கிழட்டு மைக்ரோஸ்கோப்.
லோரோங் கூலிட் சந்தையில்
பழைய ஷூவுக்கும் மீன்தொட்டிக்கும் நடுவே கிடந்தது.
இருநூற்றிருபது சொன்னான், நூற்றெண்பதுக்குத் தந்தான்.
வலக் கண்ணுக்குள் பூஞ்சை.
ஈரம் பிடித்த ஊர், கண்ணாடியையும் விடாது.
லென்சுக்கும் பலகைக்கும் நாலு விரல் இடைவெளி;
அதற்குள் சால்டரிங் கோலைப் படுக்கவைத்து நுழைக்கிறேன்.
விளிம்பில் இரண்டு தீக்காயம் அதற்குச் சாட்சி.
பக்கத்தில், கோலின் நுனி துடைக்கும் பித்தளைச் சுருள்.
ஈயத்தைப் பார்த்துத்தான் இளிக்கும் என்பார்கள்,
அது என்னைப் பார்த்தும் இளிக்கிறது.

"வாங்கேன்" என்றார் தர்மசீலன்.
"என் தூண்டில் என்ன விலையென்று நீ கேட்டாயா?"

கேட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை, மெக்காலம் தெரு, கூவின் கடை.
ஆறாம் மாடி ஹஸ்லினாவின் தையல் மெஷின் பலகையைக்
கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போனேன்.
போன மாதம் நான் பழுது பார்த்துக் கொடுத்தது.
மறுபடி நின்றுவிட்டது.
உன் மேல் குற்றமில்லை, மெஷினுக்கு வயசாகிவிட்டது என்று
மலாயில் அவளே ஆறுதல் சொல்லியிருந்தாள்.

புது மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன்.
மூன்றாவது காலைச் சுற்றி
மயிரிழை வட்டமாய் ஒரு வெடிப்பு.
நான் வைத்த பற்று.
வீட்டில் பார்த்தபோது பளபளத்த அதே பற்று.
மெஷினுக்கு வயசாகவில்லை.

அந்த நிமிடமே வாங்கிவிடுவேன் என்றுதான்
கூ நினைத்திருப்பார். நானும்தான்.
பர்ஸுக்குள் கை போய்விட்டது.
எதற்கோ,
விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னேன்.
அணைத்ததும்
வெடிப்பைக் காணோம்.
கூரை விளக்கின் ஒரே ஒளிப்பொட்டை ஏந்திக்கொண்டு
பற்று பழையபடி பளபளத்தது,
அப்பாவி மாதிரி.

அப்படியானால் கண் இல்லை. விளக்கு.

கூ ஒன்றும் சொல்லாமல் டிராயரைத் திறந்தார்.
வட்ட விளக்கு நாற்பத்தைந்து.
முன்னால் மாட்டும் சின்ன லென்ஸ் அறுபத்தெட்டு.
"இதைப் போட்டால் பாதிதான் பெரிதாகத் தெரியும்" என்றார்,
"ஆனால் கை நுழையும்."
என் பழையதன் வாயளவை
நூலில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன்.
சரியாக இருந்தது.
போகும்போது பெரியதை ஒரு தடவை தொட்டுக்கொண்டேன்.

இன்றிரவு
பூஞ்சைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.
நிழலில்லாத வெளிச்சம். அந்த வட்டம்,
கடையில் பார்த்ததில் பாதியளவு,
ஆனால் இருக்கிறது.
சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டே
வீடுவரை வந்திருக்கிறது ஒரு சிவப்பு அம்பு.
உரித்து என் பற்றின் பக்கத்தில் ஒட்டினேன்.
தள்ளிவிடத் தட்டு இல்லை.
அந்த வேறு மாடி இதுதான்.

கோல் சூடேறும் வரை
விலைச்சீட்டை எட்டாய் மடித்து
மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் வைத்தேன்.
கிழிக்கவில்லை.