ஏற்றுமதிக் கணக்கு

மல்லசந்திரம் மேட்டில்
கல்வீட்டின் வட்ட ஓட்டைக்குள்
தன் மஞ்சள் ஹெல்மெட்டைப் பொருத்திப் பார்க்கிறான்
கிரேன் ஓட்டும் திம்மராயன்.
நுழைகிறது.
தலை போகும், தோள் போகாது.
"காகசஸ் மலையிலும் இதே அளவுதான்" என்கிறான்,
அங்கேயும் ஒருத்தன் ஹெல்மெட்டோடு போய் வந்ததுபோல.

ஞாயிற்றுக்கிழமை.
கீழே மாந்தோப்பில் மருந்தடிக்கும் மோட்டார் சத்தம்.

குவாரி டீசல் நோட்டில்
பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறான்:
ஒரே வெள்ளம், ஒரே படகு,
கரையேறிய பிள்ளைகள்
பாகம் பிரிக்கையில்
ஆளுக்கொரு சாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.
சுமேரியாவில் ஊருக்கு ஊர் என்றே பெயராம்.
"இல்லாட்டி எப்படிடா?"
அவன் ஆதாரங்களில் பாதி இந்தக் கேள்வி.

பெண்டாட்டியிடம் தெலுங்கு,
எண்ணும்போது கன்னடம்,
கோபம் வந்தால் தமிழ்.
இவன் எல்லாம் ஒன்று என்று நம்பாமல்
வேறு யார் நம்புவார்?
ஆனாலும் கேட்டுவைத்தேன்:
"வட்டமாகத்தான் எலியும் தோண்டுது,
யாரிடம் கற்றது?"
யோசித்தான்.
"படகில் எலியும் இருந்திருக்கும்."

திங்கட்கிழமை பர்கூர் ஷெட்டில்
நான் போட்ட பட்டியல்:
போலந்துக்கு நாற்பது பலகை, பாரடைசோ ரகம்,
ஒருபக்கம் பாலிஷ், தலைமாட்டுக் கல்லுக்கு.
இன்னும் சாகாதவர்களின் கல்.

ஐயாயிரம் வருஷம் கழித்து
ஒரு திம்மராயன் அங்கே பனியைத் தோண்டுவான்.
இதே ஊதா வரி ஓடும் பாறையைத் தேடி
கடல் தாண்டி இங்கே வருவான்.
ஒரே குலம் என்று எழுதுவான்,
செத்தவர்களை ஒரே மலையால் மூடிய குலம்.
தப்பு என்று காட்ட
இன்வாய்ஸ் மிஞ்சியிருக்காது.

புதன்கிழமை
பலகை சரிந்து முனிரத்தினம் போனான்.
பாலிஷ் மிஷினில் பதினோரு வருஷம்.
கம்பெனி மாலை ஒன்றும்
கவர் ஒன்றும் கொடுத்தது.
ஏரிக்கரையில் புதைத்தோம்,
கல் இல்லாமல்.

வெள்ளி இரவு கேட்பாரில்லாமல் கிரேன் வெளியே போயிற்று.
விரிசலால் கழித்துப்போட்ட பலகைகள் நான்கு
என் கணக்கில் குறைந்தன.
நான் குறைவு எழுதவில்லை.

விடியலில் போய்ப் பார்த்தேன்.
மூன்று பலகை சுவராக,
ஒன்று கூரையாக.
கிழக்குப் பலகையில்
டிரில் போட்டு அறுத்த வட்டம்,
ஓரத்தில் இன்னும் ஈரத்தூள்.

"என்ன அளவு?" என்றேன்.

பேசாமல்
ஹெல்மெட்டைக் கழற்றினான்.